நோய்க்கு முன்னாடி நாங்க போய்ச் சேரணும்

(சத்தியமங்கலத்தில் பொதுமக்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் துப்புரவு ஆய்வாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



துப்புரவு ஆய்வாளர்னு சொன்னா நம்ம சத்தியில பாதிப் பேருக்குப் புரியாது. சானிட்டரி இன்ஸ்பெக்டர்னு சொன்னா கொஞ்சம் பேருக்குத் தெரியும். குப்பை வண்டி ஆபீசர்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்க. ஆனால் குப்பை எங்கள் வேலையில் ஒரு பங்குதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பது, காய்ச்சல் கண்ட தெருவில் கொசுப்புழு தேடுவது, சாக்கடை அடைப்பு, பொதுக் கழிப்பிடம், கடைகளின் தொழில் உரிமம், தடை செய்த பிளாஸ்டிக் சோதனை, பிறப்பு இறப்புப் பதிவு என்று பல வேலைகள் இந்த ஒரு மேசைக்கு வந்து சேரும்.

இத்தனைக்கும் நோக்கம் ஒன்றுதான். ஒருத்தர் நோயாளியாகி டாக்டரிடம் போவதற்கு முன்னால், அந்த நோய் வருகிற வழியில் நாங்கள் போய் நிற்க வேண்டும். நம்ம ஊரில் 27 வார்டு இருக்கிறது. எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் நாங்கள் நிற்க முடியாது. ஆனால் எல்லாத் தெருவிலும் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் கையில் போன் இருக்கிறது. இன்னைக்கு நான் பேச வந்தது இதைத்தான்: எதைப் பார்க்கணும், யாருக்குச் சொல்லணும், எப்படிச் சொன்னா வேலை நடக்கும்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரம் 1844இல் தாமஸ் ஃபிரெஷ் என்பவரை இந்த மாதிரி வேலைக்கு நியமித்தது. தெருத்தெருவாகப் போய், நோய் பரப்புகிற அசுத்தத்தைக் கண்டுபிடித்து எழுதி, அதைச் சரிசெய்ய வைப்பது அவர் வேலை. காலராவும் டைபாய்டும் எந்தக் கிருமியால் வருகிறது என்று உலகத்துக்குத் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே இந்த வேலை வந்துவிட்டது. நம் மாநிலத்தில் 1939இல் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படி ஒரு முழுமையான சட்டம் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். அந்தச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. சந்தைக்கும் திருவிழாவுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்குக் கர்நாடகத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வரும்போது, குடிதண்ணீர், கழிப்பிடம் என்று சுகாதாரத் துறை ஆட்கள் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் காரணம் அதுதான். கூட்டம் கூடுகிற இடத்தில் தண்ணீர் கெட்டால், நோய் பஸ் ஏறிப் பத்து ஊருக்குப் போகும்.

முதலில் தண்ணீர்.

நமக்குப் பவானி ஆற்றுத் தண்ணீர் வருகிறது. அதைச் சுத்திகரித்து, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, குளோரின் கலந்து விடுகிறோம். நான் காலையில் தெருவுக்கு வரும்போது ஒரு சின்ன டப்பா கொண்டு வருவேன். குளோரோஸ்கோப் என்று பேர். குழாய்த் தண்ணீரைச் சின்ன டியூபில் பிடித்து மருந்து சொட்டுவிட்டால் மஞ்சளாக மாறும். எவ்வளவு மஞ்சள் என்பதை வைத்து எவ்வளவு குளோரின் என்று தெரியும். இந்தச் சோதனையைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் மட்டும் செய்து பிரயோஜனம் இல்லை. லைனில் கடைசியாக இருக்கிற வீட்டில் செய்ய வேண்டும். அங்கே குறைந்தது 0.2 பி.பி.எம். இருக்க வேண்டும். அதாவது ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அது இருந்தால், வழியில் ஏதாவது கிருமி கலந்திருந்தாலும் அதை அடிக்கிற சக்தி தண்ணீரில் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இல்லை என்றால் வழியில் எங்கேயோ அழுக்கு உள்ளே போய் அந்தக் குளோரினைத் தின்றுவிட்டது, அல்லது கலந்ததே போதவில்லை. இரண்டையும் உடனே பார்க்க வேண்டும்.

"ஏனுங்க, தண்ணி பூராம் பிளீச்சிங் வாடை அடிக்குது"ன்னு புகார் வரும். லேசாக வாடை இருந்தால் பயப்பட வேண்டாம். குடத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும். சாக்கடை வாடை அடித்தால், கலங்கலாக வந்தால், அதுதான் உடனே சொல்ல வேண்டிய விஷயம்.

இன்னொன்று. குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற பழக்கம். இது பக்கத்து வீட்டுத் தண்ணீரைக் குறைக்கிற சண்டை என்று மட்டும் நினைக்கிறோம். குழாய் ஓடுகிற வழியில், சாக்கடைக்குப் பக்கத்தில், ஒரு ஊசி அளவு ஓட்டை இருந்தால் போதும். தண்ணீர் அழுத்தத்தோடு வரும்போது அந்த ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சும்போது வெளியே இருக்கிற சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். அந்தத் தண்ணீர் மோட்டார் வைத்தவர் வீட்டுக்கும் போகும், அந்தத் தெருக் குழந்தைகளுக்கும் போகும். ஒரே தெருவில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் நாங்கள் முதலில் மண்ணைத் தோண்டிப் பார்ப்பது குழாயும் சாக்கடையும் குறுக்கே போகிற இடத்தைத்தான். அதனால் சொல்கிறேன்: ரோட்டில் தண்ணீர் கசிகிற இடத்தை "தண்ணி வீணாப் போகுது" என்று மட்டும் பார்க்காதீர்கள். அழுக்கு உள்ளே போகிற வாசல் அது. ஒரு போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். சரிசெய்கிற வரைக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

அடுத்தது டெங்கு.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை போடுவதில்லை. நம் வீட்டுக்குள், வாசலில், மொட்டை மாடியில் தேங்கியிருக்கிற தெளிந்த தண்ணீரில்தான் போடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள். இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்குங்க. வாரம் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவினால், எந்த முட்டையும் கொசுவாக மாற நேரம் இருக்காது. எங்கள் வேலை முழுக்க இந்த ஏழு நாளைச் சுற்றித்தான் ஓடுகிறது. தேய்த்துக் கழுவணும்னு ஏன் சொல்றேன்னா, முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்துபோய் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், மறுபடி தண்ணீர் நிறைந்ததும் பொரியும். தேங்காய் நார் வைத்துச் சுவரைத் தேய்த்தால்தான் போகும்.

எங்கே தேடணும்? சிமெண்ட் தொட்டி, டிரம் எல்லாருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டைப் பல வீட்டில் பார்த்ததே இல்லை. புழங்காத ஆட்டுக்கல், கோழிக்கு, நாய்க்கு வைக்கிற தண்ணீர்ச் சட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, பழைய டயர், கொட்டாங்குச்சி, இளநீர்க் கூடு, கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் தண்ணீர்த் தொட்டி. இவ்வளவுதான். பத்து நிமிட வேலை.

ஒரு ஆளுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தால், அந்த வீட்டைச் சுற்றி இருக்கிற வீடுகள் எல்லாவற்றையும் பார்ப்போம். இந்தக் கொசு வெகுதூரம் பறக்காது. பொதுவாக 400 மீட்டருக்குள்தான். அதனால் நோய் வந்த வழியும் அடுத்து போகப்போகிற வழியும் அந்தத் தெருவுக்குள்ளேயே இருக்கும். அம்பது வீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு வீடு மட்டும் கதவு திறக்கவில்லை என்றால், அந்த ஒரு வீட்டு மாடித்தொட்டி போதும், நாங்கள் செய்த வேலை அத்தனையும் அடுத்த வாரம் முதலிலிருந்து.

சிலர் காய்ச்சலை மறைப்பாங்க. "சொன்னா வீட்டு வாசல்ல வந்து கூட்டம் போட்டு, பிளீச்சிங் பவுடரைத் தூவி, ஊருக்கே தெரிய வெச்சுருவீங்க"ன்னு ஒரு பயம். எனக்குப் புரியுதுங்க. ஆனால் ஒன்றைப் பாருங்கள். காய்ச்சல் கண்ட முதல் சில நாளில், நோயாளியைக் கடிக்கிற கொசு அந்தக் கிருமியை எடுத்துக்கொள்ளும். ஒரு எட்டுப் பத்து நாள் கழித்து, அது கடிக்கிற ஒவ்வொருத்தருக்கும் கொடுக்கும். அதுவும் முதலில் கடிப்பது அதே வீட்டில் இருக்கிறவர்களைத்தான். காய்ச்சலை ஒரு வாரம் மறைத்தால் அது எங்களிடமிருந்து மறைத்தது ஆகாது, சொந்த வீட்டுக்கே ஆபத்து. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு என்பதால், காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். மெடிக்கலில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். முக்கியமாக, காய்ச்சல் விட்டதும் நல்லாயிருச்சுன்னு நினைச்சுடாதீங்க. காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஆளே சோர்ந்து போவது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வண்டிக்கு 108, ஆலோசனைக்கு 104.

எங்கள் கொசு ஒழிப்புப் பணியாளர்களில் பெண்கள் நிறையப் பேர். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள். ஒரு தெருவில் ஒரு வயசான அம்மா தொட்டியில மருந்து ஊத்த விடவே இல்லை. "ஏனம்மிணி, குடிக்கிற தண்ணீல விஷத்தையா ஊத்தற?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அந்தப் பொண்ணு, "ஏனுங்க ஆத்தா, ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுங்க"ன்னு வாங்கி, வெளிச்சத்துல காட்டுச்சு. உள்ளே புழு நெளியுது. "இது ஒரு வாரத்துல பறக்குமுங்க ஆத்தா. மருந்து ஊத்தாட்டிப் போகுது, தொட்டியக் கொட்டிக் கழுவிருவோமா?" என்றது. அவங்களே விளக்கமாறு எடுத்துக்கிட்டு வந்தாங்க. அபேட் என்கிற அந்த மருந்து, சொன்ன அளவில் கலந்தால், குடிநீருக்கும் உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிற மருந்துதான். இருந்தாலும் கழுவுவது அதைவிட நல்லது. நீங்கள் கழுவிவிட்டால் எங்களுக்கு மருந்து ஊற்ற வேண்டிய வேலையே இல்லை.

"புகை அடிக்க மாட்டேங்கறீங்க"ன்னு அடிக்கடி கேக்கறாங்க. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. இன்றைக்குப் புகை அடித்தால் நாளைக்கு அந்தத் தொட்டியிலிருந்து புதுக் கொசு வரும்.

இனிக் குப்பை.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என்று தினமும் வண்டியில் பாட்டுப் போடுகிறோம். பலருக்கு அது கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். நம்ம ஊரில் மல்லிப்பூவும் சம்பங்கியும் விளைகிறது. பூக் கழிவு, காய்கறிக் கழிவு, சோற்றுக் கழிவு தனியாக வந்தால் அருமையான உரம். அதிலேயே ஒரு டயப்பரும் நாலு பாலித்தீன் கவரும் கலந்து வந்தால், அத்தனையும் குப்பைமேடு. பிரிப்பதற்கு உங்கள் சமையலறையில் ஆகிற நேரம் ஒரு நொடி. அதையே தூய்மைப் பணியாளர் கையால் பிரித்தால் அவர் கையில் பிளேடு ஏறும், உடைந்த கண்ணாடி ஏறும், சர்க்கரை ஊசி ஏறும். ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் ரத்தத்தில் ஏறலாம். அதனால் ஊசி, பிளேடு, உடைந்த பல்பு இவற்றைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடி, சொல்லிக் கொடுங்கள். நாப்கின், டயப்பரைக் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பாக ஒரு அடையாளம் போட்டுக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளும் அப்படித் தனியாகச் சுற்றிக் கொடுக்கத்தான் சொல்லியிருந்தன.

ஆற்றில் கொட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பவானி இங்கே நின்றுவிடுவதில்லை. நம்மைத் தாண்டிக் கொடிவேரிக்குப் போகிறது, அங்கே குழந்தைகள் குளிக்கிறார்கள். அங்கிருந்து வாய்க்கால், வயல். அப்புறம் பவானி ஊரில் காவிரியோடு சேர்கிறது. வழியெல்லாம் குடிக்கிறார்கள். நமக்கு மேலே இருக்கிறவர்கள் ஆற்றில் கழிவை விட்டால் நமக்குக் கோபம் வருகிறது. கீழே இருக்கிறவர்களுக்கும் அதே கோபம் வரும்.

செப்டிக் டேங்க் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டேங்க்கை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, உரிமம் உள்ள லாரியை வைத்து எடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு ஆளை உள்ளே இறக்காதீர்கள். உள்ளே இருக்கிற விஷவாயுவில் ஒரே மூச்சில் ஆள் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையிலோ டேங்க்கிலோ இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. "ஐந்நூறு ரூபா சேர்த்துத் தர்றேன், இறங்கிப் பாருப்பா" என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஆளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். போன் நம்பர் 14420. செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கும் இதில் கூப்பிடலாம், யாராவது ஆளை இறக்கினால் அதைச் சொல்லவும் இதே நம்பர்தான்.

பிறப்பு இறப்புப் பதிவுக்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். எந்த வார்டில், எந்த வயசில், எதனால் இறந்தார்கள் என்பது அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஒரே பகுதியில் ஒரே மாதிரி இறப்பு வந்தால் எங்களுக்கு அது முதல் எச்சரிக்கை. அதனால் வீட்டில் நடந்த பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். 21 நாள் வரை கட்டணம் இல்லை. இறப்புக்குக் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, புகார்.

ஒருத்தர் எழுதுகிறார்: "எங்க ஏரியாவுல ஒரே நாத்தம். அதிகாரிகள் தூங்குகிறார்களா?" கோபம் நியாயம்தான். ஆனால் எந்த ஏரியா என்று தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும். இன்னொருத்தர் எழுதுகிறார்: "வார்டு எண் இது, தெரு இது, மின்கம்ப எண் இது. சாக்கடை அடைத்து மூன்று நாளாகக் குடிநீர்க் குழாய் மேல் நிற்கிறது. காலையில் தண்ணீர் கலங்கலாக வந்தது. போட்டோ இணைத்திருக்கிறேன்." இதைப் படித்தவுடன் எந்த ஆளை, எந்தச் சாமானோடு அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். மின்கம்பத்து எண் எங்களுக்குப் பெரிய உதவி. கதவு எண் தெரியாவிட்டாலும் அதை வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம். ஒரு புகாரில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். இரண்டு போட்டோ எடுங்கள், ஒன்று கிட்டத்தில், ஒன்று அந்த இடம் எதுவென்று தெரிகிற மாதிரி தூரத்தில். கொடுக்கிற புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். வேலை நடக்காவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

யாருக்குச் சொல்வது? குப்பை, சாக்கடை, குடிநீர், கொசு என்றால் உங்கள் நகராட்சிக்கு. பேரூராட்சி, கிராம ஊராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்துக்கு. ஹோட்டலில் கெட்ட சாப்பாடு, கலப்படம் என்றால் அது உணவுப் பாதுகாப்புத் துறை. 94440 42322 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யலாம். எங்கும் நடவடிக்கை இல்லை என்றால் முதல்வரின் முகவரி, 1100. வேலை முடிந்துவிட்டால் "முடிஞ்சுது"ன்னு ஒரு வரி போட்டுவிடுங்கள். அந்த வெயிலில் சாக்கடைக்குள் நின்ற ஆளிடம் அதைப் படித்துக் காட்டுவேன்.

நாங்கள் செய்கிற வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. யாருக்கும் காய்ச்சல் வராது, பேப்பரில் செய்தி வராது. அதனால் இந்த வேலையை யாரும் கவனிப்பதும் இல்லை. பரவாயில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் மட்டும் கேட்கிறேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பாருங்கள், மாடித்தொட்டிக்கு மூடி இருக்கிறதா பாருங்கள், தெருக்குழாயில் கசிவு இருந்தால் போட்டோ எடுங்கள். எங்கள் ஆட்கள் கதவைத் தட்டினால் திறந்து விடுங்கள். முடிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.